ஈரல் எந்தப் பக்கம்?

1. தாழம்பற்றையில் ஒரு ஆள்

உன்னிச்சையை விட்டு நடக்கத் தொடங்கி அது இரண்டாம் நாள். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் போடியார் சைக்கிளில் வருவது தெரிந்துவிடுமோ என்று பயம். அவருடைய வயல் வட்டைக்கு நான் காவல்காரன். யானை வந்தால் வெடி கொளுத்திப் போட்டுக் கத்த வேண்டும், வேலை அவ்வளவுதான். யானை வந்தது. நான் பரணில் நித்திரை. விடிய எழும்பிப் பார்த்தால் அரை ஏக்கர் வேளாண்மையைக் காணவில்லை. பரணின் நான்கு கால்களில் ஒன்றையும் காணவில்லை.

"உன்னையும் கொண்டு போயிருக்கலாமே அந்த யானை" என்றார் போடியார். நியாயமான பேச்சு. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தேன்.

அம்பிளாந்துறையில் 'பாதை' ஏறினேன். வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். குருக்கள்மடத்தில் இறங்கி, பெரிய றோட்டைக் கடந்து கடற்கரைப் பக்கம் போனேன். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதன் பிறகு நான் கடலைப் பார்க்கவில்லை. ஒரு தரம் பார்த்துவிட்டு வேலை தேடுவோம் என்று நினைத்தேன்.

அங்கே தாழம்பற்றைக்குள்ளிருந்து ஒரு பெண், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு ஆளைத் தோளில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஆளுக்குத் தலை இல்லை. கைகள் இல்லை. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. நான் வந்த வழியே ஓடினேன்.

"அண்ணன், ஓடாதீங்க! இது ஆள் இல்ல! பள்ளிக்கூடத்துச் சாமான்!"

நின்று திரும்பினேன். அவர் அந்த ஆளின் நெஞ்சை விரலால் தட்டிக் காட்டினார். வெறும் வாளியைத் தட்டிய சத்தம் வந்தது. பிளாஸ்டிக். நெஞ்சும் வயிறும் ஒரு மூடி மாதிரித் திறந்தன. உள்ளே மணலும் இரண்டு நண்டும் ஒரு இதயமும் இருந்தன.

"மற்ற உறுப்பெல்லாம் கடலோட போயிட்டு. இதயம் மட்டும்தான் மிச்சம்" என்றார்.

"நல்ல இதயம் போல."

"இல்ல. அதுக்குப் போட்டிருந்த ஆணி நல்ல ஆணி."

இப்படித்தான் மலர் டீச்சரைத் தெரியும். கடற்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். அப்போது அங்கே பெயர்ப்பலகையும் இல்லை. தகரமும் கிடுகுமாய் ஒரு கொட்டில்தான் நின்றது.

நான் என்ன வேலை செய்தவன் என்று கேட்டார். ஏறாவூரில் ஒரு முதலாளியின் ஆட்டிறைச்சிக் கடையில் மூன்று வருடம் நின்றதைச் சொன்னேன். அறுப்பது கடைக்காரர்கள், உரிப்பதும் ஈரல், இரைப்பை என்று உள்ளுடன் எடுப்பதும் குடல் கழுவுவதும் நான்.

"அப்ப உங்களுக்கு உறுப்பெல்லாம் தெரியும்."

"ஆட்டுட எண்டாத் தெரியும்."

"மனிசனுக்கும் அதுதான். வயிறு மட்டும் மூண்டு குறைய" என்றார். அன்றைக்கே எனக்கு வேலை கிடைத்தது.

2. வேலை என்ன

கடலுக்கு முந்தி அங்கே பதினோராம் வகுப்பு, அதாவது சாதாரண தரம், வரை இருந்தது. இப்போது ஒன்பதாம் வகுப்போடு முடிந்துவிடும். பத்தாம் வகுப்புக்குப் போக வேண்டிய பதினொரு பெட்டைப் பிள்ளைகள் இருந்தார்கள். வேறு பள்ளிக்கூடம் என்றால் இரண்டு பஸ், மூன்று ஆமிச் சோதனைச் சென்றி. கடல் வந்த பிறகு பிள்ளையைக் கண்ணுக்கு மறைவாய் அனுப்பத் தாய் தகப்பன் தயாரில்லை. இங்கே வகுப்பு இல்லையென்றால் பதினொரு பேரும் படிப்பை விடுவார்கள். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கல்விக் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி ஐயா பத்து நாளில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். "நாலு மேசையைக் காட்டி விஞ்ஞான வகுப்பு எண்டு சொல்ல ஏலாது டீச்சர். படிப்பிக்கிறதுக்கு ஏதாவது ஒண்டு வேணும்" என்பது அவருடைய பேச்சு. ஆய்வுகூடத்தில் இருந்த போத்தல், அடுப்பு, தராசு ஒன்றும் மிச்சமில்லை. மிச்சம் இந்தத் தலையில்லாத ஆள் மட்டும்தான்.

ஆகவே என் வேலை, ஊரெல்லாம் திரிந்து அவருடைய உள்ளுறுப்புகளைத் தேடிக் கொண்டுவருவது. பிறகு பல ஊரில் பல வேலை செய்திருக்கிறேன். இப்படி ஒன்றை யாருக்கும் விளங்கப்படுத்த வேண்டி வந்ததில்லை.

டீச்சர் ஒரு சட்டம் வைத்தார். "உறுப்பைக் கொண்டு வந்தா அதுட வேலையைச் சொல்லித்தான் மேசையில வைக்கோணும். சொல்லத் தெரியாட்டித் திருப்பிக் கொண்டு போங்க." நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அந்தச் சட்டம் எனக்குத்தான் என்று விளங்கியது.

3. கிணறு, சலூன், அரிசிப் பானை

ஈரல் ஒரு கிணற்றில் இருந்தது. உப்புத் தண்ணீரை இறைத்துக் கொட்டும்போது வாளியில் வந்திருக்கிறது. வீட்டுக்காரர் அதைக் கிணற்றுக் கட்டில் காய வைத்திருந்தார். அதன் கீழே ஒட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் துண்டு. கணையம் என்றார் டீச்சர். நான் மூன்று வருடமும் அதைக் கொழுப்பு என்று நாய்க்கு எறிந்தவன். உடம்பில் சீனியை அடக்கி வைக்கிற சாமான் அதுதானாம். ஏறாவூர் நாய்களுக்குச் சீனி வருத்தம் வந்திருக்காது.

சிறுநீரகம் இரண்டும் சலூன்காரரிடம் இருந்தன. உள்ளே குழிவாய்த் திறக்கிற மாதிரிச் செய்தவை. அவர் சவர்க்காரம் வைத்திருந்தார். இரத்தத்தை அரித்துக் கழிவை மூத்திரமாக அனுப்புவது இதன் வேலை என்று விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப ஒண்டைத் தாறன், ஒண்டை வெச்சிக்கிறன். மனிசன் ஒண்டோட வாழலாம் எண்டு நானும் கேள்விப்பட்டிரிக்கன்." டீச்சரிடம் போய்ச் சொன்னேன். "அவர் சொல்றது சரிதான்" என்று விட்டுவிட்டார்.

இரைப்பையை, கடலால் வீடிழந்தவர்கள் இருந்த முகாமில் ஒரு அம்மா அரிசி அள்ள வைத்திருந்தார். மண்ணீரலும் அதோடு கைபிடி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நல்ல அளவு, ஒரு தரம் அள்ளினால் இரண்டு பேருக்குச் சோறு காணும் என்றார். அவருக்கு ஒரு தகர டப்பா வெட்டிக் கொடுத்து அதை வாங்கினேன். டீச்சர் அதை மேசையில் வைத்து, "கடல் அடிச்சும் இது மட்டும் தன்ட வேலையை விடல்ல" என்றார்.

மூளை கிடைத்தது. தலை கடைசிவரை கிடைக்கவில்லை. நான் ஒரு பெரிய சிரட்டை எடுத்துக் கழுத்தின் மேல் வைத்து மூளையை அதற்குள் இருத்தினேன். அளவாக இருந்தது.

4. சென்றியில் பாடம்

இதையெல்லாம் நான் டீச்சரின் சைக்கிளில், உரப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு வருவேன். பெரிய றோட்டில் சென்றி. முதல் நாள் ஒரு ஆமிக்காரப் பொடியன் பையைத் திற என்று கையைக் காட்டினான். திறந்தேன். அவன் பார்த்தான். மூன்றடி பின்னால் போய்த் துவக்கை நிமிர்த்தினான்.

"சேர்! ஸ்கூல்! பிளாஸ்டிக்!" என்று ஈரலை எடுத்து என் தலையில் தட்டிக் காட்டினேன். டொக் டொக்.

அவன் கிட்ட வந்து தன் விரலாலும் தட்டிப் பார்த்தான். பிறகு இரைப்பையைத் தொட்டு, "மே மொகத? இது என்ன?" என்றான். சோறு சமிக்கிற இடம் என்று கையால் காட்டினேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தன் நெஞ்சுக் குழிக்குக் கீழே அமத்தினான். "இங்க... நெருப்பு. சாப்பாடு லேட். நெருப்பு."

டீச்சர் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். உள்ளே ஒரு அமிலம் ஊறும். சோறு இருந்தால் சோற்றைக் கரைக்கும், இல்லாவிட்டால் பையின் சுவரைக் கரைக்கும். "நேரத்துக்குச் சாப்பிடோணும் சேர்."

"நேரம்?" என்று அவன் சென்றியைக் காட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு என்னை மறிப்பது பையைச் சோதிக்க அல்ல. "இண்டைக்கு என்ன?" என்று கேட்பான். ஒரு நாள் மூளையைக் காட்டி நான் நீளமாகச் சொல்லிக்கொண்டு நிற்க, பின்னால் நின்ற மீன்காரப் பெண் கத்தினா: "மாஸ்டர், உங்கட பாடம் முடிஞ்சா எங்களையும் விடுங்க! மீன் நாறுது!"

என்னை யாரும் மாஸ்டர் என்று கூப்பிட்டது அந்த ஒரு தரம்தான்.

5. தாட்ட குடல்

குடல் எங்கே என்று கேட்டபோது ஊரில் எல்லோரும் கணவதி அண்ணனைப் பார் என்றார்கள். ஏன் என்று சொல்லவில்லை.

கணவதி அண்ணன் தச்சு வேலைக்காரர். கடல் வந்து போனதும் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, கரையில் கிடந்த பிரேதங்களைத் தூக்கிக் குழி வெட்டித் தாட்டவர். பத்து நாள் அதுதான் அவருக்கு வேலை. நான் போய் விசயத்தைச் சொன்னதும் அவர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார்.

"அது பிளாஸ்டிக்கா?"

"ஓம் அண்ணன்."

"வடிவாத் தெரியுமா?"

"பெருங்குடல் சுத்திவர, சிறுகுடல் நடுவில. ஒரே கட்டியா இரிக்கும். நாறாது."

அவர் கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினார். பிறகு சொன்னார்: "பத்தாவது நாள் பின்னேரம். சேத்துக்குள்ள கிடந்த. ஆர்ட எண்டு தெரியா. மற்ற ஆக்களோட போட மனம் வரல்ல, தனியாத் தாட்டன். கற்பூரம் கொளுத்தின. முப்பத்தொராம் நாள் பாலும் ஊத்தின." நிறுத்திவிட்டு, "அந்தப் பத்து நாளும் தூக்கினதில கைக்குப் பாரம் தெரியாம இருந்த சாமான் அது ஒண்டுதான் மனே. நான் என்ட கைதான் விறைச்சுப் போச்செண்டு நினைச்சன்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவர்தான் முதலில் சிரித்தார். தொடங்கியவருக்கு நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். உள்ளேயிருந்து பெண்சாதி வந்து, "என்னகா இந்த மனிசனுக்கு?" என்று என்னிடம் கேட்டா. கடல் வந்த பிறகு அவர் சிரித்து அவ காணவில்லையாம்.

அலரிக் கம்பு ஊன்றியிருந்த இடத்தில் தோண்டினோம். அண்ணன் முதலில் தேங்காய் உடைத்தார். "ஒருக்காத் தாட்டதைக் கிளப்புறம். அது ஆரா இருந்தாலும் கேட்டுத்தான் கிளப்போணும்." குடல் நாங்கள் நினைத்ததைவிடச் சுத்தமாக இருந்தது. அவர் அதை வாங்கித் தட்டிப் பார்த்தார். "இது என்ன செய்யிற?" என்று கேட்டார்.

"சிறுகுடல் சோத்தில உள்ள சத்தை இரத்தத்துக்கு எடுக்கும். பெருங்குடல் மிச்சத்தில உள்ள தண்ணியை எடுக்கும்."

"மெய்யா? அப்ப பால் ஊத்தினது வீணில்ல" என்றார்.

அந்த வேலையில் எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. அதே பின்னேரம் டீச்சர் பிள்ளைகளுக்கு, எந்த உறுப்பு எந்தப் பக்கம் என்று பாடம் நடத்தியிருக்கிறார். நான் அதைக் கேட்கவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. மிதப்பு

நுரையீரல் மட்டும் பாக்கி. அது தம்பிராசா மாமாவிடம் இருந்தது. கடலுக்குப் போகிற தோணியைப் பறிகொடுத்துவிட்டு, முகாமில் இருந்துகொண்டு வாவியில் வலை போடுகிறவர். நுரையீரல் இரண்டையும் வலைக்கு மிதப்பாகக் கட்டியிருந்தார். தூரத்தில் பார்த்தேன், தண்ணீருக்கு மேல் யாரோ மூச்சுப் பிடித்துக்கொண்டு கிடப்பது போல இருந்தது.

அவருடைய மகள் வதனி, அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. கெட்டிக்காரி என்று டீச்சர் சொல்லுவார். மாமாவுக்கு அது தெரியும். ஆனால் மூத்தவனைக் கடல் கொண்டுபோன பிறகு மிச்சம் அவள் மட்டும்தான்.

"ஒன்பது வரைக்கும் படிச்சது காணும்" என்றார். "இது நல்ல மிதப்பு. தர ஏலா."

"மாமா, இது மூச்சு விடுற உறுப்பு. காத்தில உள்ள நல்லதை இரத்தத்துக்குக் குடுக்கும், கெட்டதை வெளிய விடும்."

"மிதக்காதா?"

"மிதக்கும்" என்று ஒப்புக்கொண்டேன். ஆட்டின் உள்ளுடனைத் தண்ணீரில் போட்டால் மிதந்துகொண்டு நிற்பது அது ஒன்றுதான். அந்த உண்மையைச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

"மறுகா என்ன? அது அதுட வேலையைத்தானே செய்யுது!"

மூன்று நாள் போனேன். மூன்றாம் நாள் வதனி வலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, தகப்பனின் முகத்தைப் பார்க்காமல் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மாமா பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. என்னிடம்தான் கோபம்.

"கொண்டு போ. வகுப்பு வராட்டி என்ட மிதப்பு எனக்கு வேணும். ஐயா வாற அண்டைக்கு நான் வேலியடியில வந்து நிப்பன்."

பொருத்துகிற முளையெல்லாம் உடைந்து கிடந்ததால் ஒட்டுவதற்கு ஏதும் தரும்படி கேட்டேன். பைபர் தோணிக்குப் பூசுகிற றெசின் அரைப் பேணி தந்தார். "கவனம். ஒட்டினா ஒட்டினதுதான்."

7. கை போன போக்கு

ஐயா வருவதற்கு முதல் நாள் பின்னேரம் டீச்சர் பஸ்ஸுக்கு ஓடும்போது, "எல்லாத்தையும் கழுவி மேசையில வெச்சிட்டுப் போங்க யோகண்ணன். விடிய வந்து நான் ஆளுக்குள்ள பூட்டுறன்" என்றார். அந்தச் சொல்லை அப்படியே கேட்டிருந்தால் இந்தக் குறிப்பை எழுத வேண்டி வந்திருக்காது. அவ்வளவு நாள் பாடுபட்டவன் நான். ஆளை முழு ஆளாய்ப் பார்க்கிற ஆசை வந்துவிட்டது.

இறைச்சிக் கடையில் ஆட்டைப் பின்னங்காலில் கட்டித் தலைகீழாகத் தூக்குவோம். வயிறு என்னைப் பார்த்து இருக்கும். திறந்தால் என் வலது கைப் பக்கம் ஈரல், இடது கைப் பக்கம் இரைப்பை. மூன்று வருடம் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. இந்த ஆள் தலை மேலே, இடுப்புக் கீழே நிற்கிறார். ஆகவே மேலே கீழே மாற்ற வேண்டும் என்று யோசித்தேன். அந்த அளவுக்கு எனக்கு மூளை இருந்தது. வலமும் இடமும் சேர்ந்து மாறும் என்பது தோன்றவில்லை. கை தன்பாட்டில் ஈரலை என் வலது பக்கம் கொண்டு போனது.

ஈரல் இறங்கவில்லை. இறங்காது, அது அதற்குரிய இடமில்லை. உடம்பே எனக்குப் பிழை என்று சொல்லியிருக்கிறது. நான் கத்தியை எடுத்து ஈரலின் ஓரத்தைச் சீவினேன். பிறகு இறங்கியது. இரைப்பையையும் அப்படியே மற்றப் பக்கம் இறக்கினேன். றெசினைத் தாராளமாக ஊற்றினேன். அரை மணித்தியாலத்தில் கல்.

8. ஐயா வந்தார்

காலையில் டீச்சர் பூப்போட்ட சேலை உடுத்து வந்தார். மூடியைத் திறந்தார்.

"யோகண்ணன்... என்ன செய்து வெச்சிருக்கீங்க?"

"பூட்டிட்டன் டீச்சர்."

"ஈரல் இடப்பக்கம் கிடக்கு!"

"இல்லையே, வலப்பக்கம்" என்று என் வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

"உங்கட வலம் ஆருக்கு வேணும்? அவர்ட வலம்!"

அவர் ஈரலைப் பிடித்து இழுத்தார். ஈரல் வரவில்லை, ஆள் முழுவதும் மேசையை விட்டுக் கிளம்பி வந்தார். நான் ஆளின் இடுப்பைப் பிடிக்க டீச்சர் ஈரலை இழுக்க, வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஐயா உள்ளே வரும்போது நாங்கள் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். சிரட்டை மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

பதினொரு பேரும் வாங்குப் பலகையில் இருந்தார்கள். வேலியடியில் தம்பிராசா மாமா, சொன்ன மாதிரியே, தோளில் வெறும் வலையோடு. ஐயா ஆளைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். வதனியைக் கூப்பிட்டார்.

"மகள், இவருக்கு ஈரல் எங்க கிடக்கு?"

அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் நிலத்தைப் பார்த்தார்.

"அவர்ட இடப்பக்கம் கிடக்கு சேர்."

"சரியா?"

 டீச்சர் பூட்டியது பிழை என்று ஐயாவுக்கு முன்னால் சொல்லலாமா என்று அந்தப் பிள்ளை யோசித்திருக்கும். "பிழை சேர்" என்றாள். வலது கையை எடுத்துத் தன் விலாவுக்குக் கீழே வைத்துக் காட்டினாள். "இஞ்ச. சோறு தின்னுற கைப் பக்கம்."

"மாறிக் கிடந்தா என்ன? வேலை செய்யாதா?"

"ஈரல்ல பித்தம் ஊறும் சேர். அது சிறுகுடல்ட தொடக்கத்துக்குப் போனாத்தான் கொழுப்புச் சமிக்கும். இவருக்குத் தொடக்கம் இஞ்சால, ஈரல் அங்கால. குழாய் எட்டாது."

பின் வாங்கில் ஒருத்தி எழும்பினாள். "சேர், இரைப்பையும் மாறிக் கிடக்கு! தொண்டைக் களத்தால இறங்குற சோறு நேர ஈரலுக்கு மேலதான் விழும்!"

"சிறுநீரகம் ஒண்டுதான் கிடக்கு சேர்!"

"அது பறவாயில்லடி, ஒண்டோட வாழலாம்!"

"தலை சிரட்டை சேர்!"

"அது எனக்கும் தெரியுது" என்றார் ஐயா. "அப்ப, இந்த மனிசன் செத்துப் போனாரா?"

வதனி மூடிக்குள் குனிந்து பார்த்தாள். "இல்ல சேர். இதயமும் நுரையீரலும் சரியாக் கிடக்கு. மூச்சு விடுவார். சாப்பாடுதான் ஏலாது."

"எங்கட முகாம் மாதிரி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பதினொரு பேரும் சிரித்தார்கள். ஐயா கடைசியாகச் சிரித்தார்.

"டீச்சர், பிழையாப் பூட்டி வெச்சுப் புள்ளைகளைக் கொண்டு கண்டுபிடிக்கிறது நல்ல முறை. ஆர்ட யோசனை?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் முன்னால் வந்தேன். "யோசனை இல்ல ஐயா. ஆடு" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஆகவே திரும்பி நின்று, குனிந்து, என் இரண்டு காலுக்கும் நடுவால் அந்த ஆளைப் பார்த்துக் காட்டினேன். அப்படித் தலைகீழாய்ப் பார்த்தபோதுதான் எனக்கே பிழை விளங்கியது. அந்த நிலையிலேயே, "ஓ!" என்றேன்.

ஐயா கதிரையில் இருந்துவிட்டார். சிரித்து முடிந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பத்தாம் வகுப்புக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தினை மட்டும் படிச்ச?"

"ஆறு ஐயா."

"ஆய்வுகூடத்துக்குச் சாதாரண தரம் பாஸ் பண்ணின ஆள் வேணும். கந்தோரால அனுப்புவம். நான் உன்னைக் கண்டிட்டன். இனிக் காணாத மாதிரி உன்னை இஞ்ச வெச்சிரிக்க ஏலாது." கொஞ்சம் யோசித்து, "உள்ளுடன் பார்த்துப் பயப்படாத ஆளெண்டா ஆஸ்பத்திரிக்குப் போ. அங்க கூலிக்கு ஆள் எடுக்கிறாங்க. ஆறாம் வகுப்பெண்டாலும் கேக்க மாட்டாங்க" என்றார்.

பிற்காலத்தில் ஒரு டொக்டர் சொன்னார், எல்லா உறுப்பும் பக்கம் மாறிப் பிறக்கிற மனிதரும் இருக்கிறார்களாம். அதை ஐயாவிடம் சொல்ல எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

வேலியடிக்குப் போய், "மாமா, மிதப்பு ஒட்டிப் போச்சு" என்றேன்.

அவர் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். வதனி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "வலைக்கு வேற போத்தல் கட்டுறன்" என்றார். "அது அவடத்தையே கிடக்கட்டும்."

டீச்சர் வாசல் வரை வந்தார். "கோவமா யோகண்ணன்?"

"போடியாரை விட நீங்க பறவாயில்ல டீச்சர்."

"போக முந்திச் சொல்லுங்க. ஈரல் எந்தப் பக்கம்?"

நான் சோறு தின்னும் கையைத் தூக்கினேன்.

"சரி. மேசையில வைக்கலாம்" என்றார்.

களுவாஞ்சிக்குடிப் பக்கமாக நடந்தேன். சென்றியில் அந்தப் பொடியன் என் வெறுங்கையைப் பார்த்து, "இண்டைக்கு என்ன?" என்றான். "இண்டைக்கு ஒண்டுமில்ல சேர். முடிஞ்சுது" என்றேன்.

9. ஆறாம் கட்டில்

இதைப் படிக்கப் போகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். யுத்தம் முடிகிற வரைக்கும் ஐயா சொன்ன அந்த ஆஸ்பத்திரி வேலையில் நின்றேன். காயக்காரர் வரிசையாக வந்து இறங்கின நாட்களில் வலமா இடமா என்று நின்று யோசிக்க நேரம் இருக்காது. கை தானாகச் சரியான பக்கம் போக வேண்டும். என் கை அதை எங்கே படித்தது என்று சொல்லத்தான் இவ்வளவு கதையும்.

பள்ளிக்கூடத்தை விட்டு வந்த அடுத்த நாள் காலை, ஆஸ்பத்திரிக் கூலிக்காரரை மேய்க்கிற ஓவசியருக்கு முன்னால் நின்றேன். அவர் தலையைத் தூக்காமல் கடதாசியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"சவரம் எடுக்கத் தெரியுமா?"

"தோலுரிக்கத் தெரியும் ஐயா."

"அது வேணாம். ஆறாம் கட்டில் ஆளுக்குக் குடலிறக்கம். பத்து மணிக்கு ஒப்பரேசன் தியேட்டர். வலப்பக்கம் அடிவயிறு சவரம் எடுத்துத் துடைச்சுக் கொண்டு வரோணும். ஏலுமா?"

"ஏலும். ஆள்ட வலமா, என்ட வலமா ஐயா?"

ஓவசியர் பேனையைக் கீழே வைத்தார். முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார்.

"உனக்கு முந்தி நிண்டவன் அதைக் கேக்கல்ல."

"அவர் இப்ப எங்க ஐயா?"

"அவன் கேக்காததாலதான் நீ இஞ்ச நிக்கிறாய்" என்று சவரக் கத்தியையும் கிண்ணத்தையும் தள்ளி வைத்தார். "ஆள்ட வலம்."

ஆறாம் கட்டிலில் ஒரு வயலுக்காரர் பயந்துபோய் மல்லாந்து கிடந்தார். நான் அவருக்கு முன்னால் நிற்கவில்லை. தலைமாட்டுக்குப் போய், அவருடைய கால் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணன், சோறு தின்னுற கையை ஒருக்காத் தூக்குங்க."

தூக்கினார். நான் அந்தப் பக்கமாகப் போய்க் கிண்ணத்தை வைத்தேன்.